முகத்தைக் காட்டினால் திறக்கும் பூட்டு



கைத்தொலைபேசி வாங்கும்போது எதைப் பார்த்து வாங்க வேண்டும் என்று என்னிடம் பலர் கேட்பதுண்டு. விலை, பற்றரி, கமரா பற்றிச் சொல்லித்தரக் கடைக்காரரே போதும். அதன் பூட்டைப் பற்றிப் பேசுவோர் மிகக் குறைவு. ஆகவே இம்முறை பூட்டைப் பற்றி, அதிலும் முகத்தைக் காட்டினால் திறக்கும் பூட்டைப் பற்றிப் பேசலாம் என்று நினைக்கிறேன்.

எங்களுடைய போனுக்குள் என்ன இருக்கிறது என்று ஒருமுறை எண்ணிப் பாருங்கள். வெளிநாட்டில் இருக்கும் சகோதரன் அனுப்பும் பணம் வந்து சேரும் வங்கிக் கணக்கு இருக்கிறது. சீட்டுக் காசின் கணக்கு இருக்கிறது. வழக்குக் கடதாசிகளின் படங்களும், காணாமற்போன ஆட்கள் பற்றிய அலுவலகத்துக்குக் கொடுத்த முறைப்பாட்டின் பிரதியும் இருக்கின்றன. திரும்பி வராத மகனின் ஒரேயொரு படம் சிலருடைய போனில்தான் இருக்கிறது. இடப்பெயர்வுகளில் அல்பங்களை இழந்த எங்களுக்கு இந்தச் சின்னப் பெட்டிதான் இப்போது அலுமாரியும் அல்பமும். அதன் பூட்டு எப்படிப்பட்டது என்று தெரிந்துகொள்வது எமது உரிமை.

வெள்ளவத்தையில் காலி வீதியோரமாக நடந்தாலும் சரி, கொட்டாஞ்சேனையில் நடந்தாலும் சரி, கைத்தொலைபேசிக் கடைக்குக் குறைவில்லை. அண்மையில் அப்படியொரு கடையில் நின்றபோது ஒரு தாய்க்கு நடுத்தர விலைப் போன் ஒன்றைக் காட்டிக்கொண்டிருந்தார்கள். “இலக்கம் ஒன்றும் ஞாபகம் வைச்சிருக்கத் தேவையில்லை அம்மா. முகத்தைக் காட்டினாக் காணும், திறக்கும்” என்றார் விற்பனையாளரான தம்பி. அந்தத் தாய் உடனே கேட்டார்: “என்ர மகளும் அச்சொட்டா என்னைப் போலதான் இருப்பாள். அவளுக்கும் திறக்குமோ?” தம்பி சிரித்துவிட்டு வேறு மொடலை எடுத்துக் காட்டத் தொடங்கினார்.

அந்தக் கேள்வி சிரிக்கக்கூடிய கேள்வி அல்ல. இந்தத் தொழில்நுட்பத்தைச் செய்தவர்களே பதில் சொல்லச் சிரமப்படும் கேள்வி அது.

இரண்டு வகைப் பூட்டுகள்

முகத்தால் திறக்கும் போன்கள் எல்லாம் ஒரே வகையானவை அல்ல. முதலாவது வகை, முன்பக்கக் கமராவால் உங்களைச் சாதாரணமாகப் படம் எடுத்து, முன்பு பதிந்து வைத்த படத்துடன் ஒப்பிட்டுப் பார்ப்பது. இதற்குத் தட்டையான படம்தான் தெரியும். முன்னால் இருப்பது முகமா, முகத்தின் படமா என்று பிரித்தறிவது இதற்குக் கடினம். இரண்டாவது வகை, முகத்தின் மேடு பள்ளத்தை அளப்பது. அப்பிள் நிறுவனம் 2017 இல் ஐபோன் எக்ஸ் போனில் கொண்டுவந்த ‘பேஸ் ஐடி’ இந்த வகையைச் சேர்ந்தது. கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளிப் புள்ளிகள் 30,000 இற்கும் மேல் முகத்தின் மீது விழுகின்றன. மூக்கின் உயரம், கண்குழியின் ஆழம் என்பவற்றை அந்தப் புள்ளிகளிலிருந்து போன் கணக்கிடுகிறது. படத்தைக் காட்டி இதை ஏமாற்ற முடியாது. ஆனால் அதற்கான உறுப்புகளைச் செய்யச் செலவு அதிகம். அதனால்தான் எமக்குக் கட்டுப்படியாகும் விலையில் உள்ள போன்களில் பெரும்பாலும் முதலாவது வகைதான் இருக்கிறது. கடையில் இரண்டுக்கும் ஒரே பெயரைத்தான் சொல்வார்கள்.

எந்த வகையாக இருந்தாலும், “இது அவர்தான்” என்று போன் நிச்சயமாக அறிவதில்லை. இப்போது காணும் முகத்துக்கும் பதிந்த முகத்துக்கும் எவ்வளவு ஒற்றுமை என்று ஒரு புள்ளி போடுகிறது. அந்தப் புள்ளி குறிப்பிட்ட எல்லையைத் தாண்டினால் திறக்கிறது. எல்லையை எங்கே வைப்பது என்று தீர்மானிப்பவர் போனைச் செய்தவர். எங்கள் வீட்டு அரிதட்டை நினைத்துக்கொள்ளுங்கள். கண் பெரிதாக இருந்தால் மா விரைவாக விழும், கூடவே கட்டியும் விழும். கண் சிறிதாக இருந்தால் கட்டி விழாது, ஆனால் நல்ல மாவும் மேலே தங்கிவிடும். எல்லையைத் தளர்த்தினால் போன் உங்களுக்குச் சட்டென்று திறக்கும், உங்களைப் போன்ற இன்னொருவருக்கும் திறக்கும். இறுக்கினால் மற்றவருக்குத் திறக்காது, சில வேளை உங்களுக்கும் திறக்காது. வாங்குபவர் எரிச்சல்படக்கூடாது என்பதற்காக எல்லையைக் கொஞ்சம் தளர்த்தி வைக்கும் ஆசை எந்தக் கொம்பனிக்கும் வரும்.

2017 இல் நடந்தது

ஐபோன் எக்ஸ் 2017 நவம்பர் 3 ஆம் திகதி விற்பனைக்கு வரவிருந்தது. அமெரிக்காவில் அதன் விலை 999 டொலர். ஒளிப் புள்ளிகளை வீசும் அந்தச் சிறு உறுப்பைத் தேவையான எண்ணிக்கையில் செய்து முடிப்பது பெரும் சிக்கலாக இருந்தது. உள்ளே இருக்கும் லேசரும் வில்லையும் மிக நுட்பமானவை, எளிதில் பழுதாகக்கூடியவை. தலைமயிரின் தடிப்பில் ஒரு சிறு பங்கு அளவுக்கு இடம் விலகினாலே வேலை பிசகிவிடும். இந்த நிலையில், ஒக்டோபர் 25 ஆம் திகதி ப்ளூம்பேர்க் செய்தி நிறுவனம் ஒரு செய்தி வெளியிட்டது. உற்பத்தியை விரைவுபடுத்துவதற்காக, முகத்தை அறியும் துல்லியம் பற்றிய நிபந்தனையைச் சற்றுக் குறைத்துக்கொள்ள உதிரிப்பாகம் செய்வோருக்கு அப்பிள் இடம் கொடுத்தது என்பதே அச்செய்தி. அப்பிள் உடனே மறுத்தது. அது முழுக்க முழுக்கப் பொய், தரமும் துல்லியமும் மாறவில்லை, வேறொருவர் முகத்துக்குப் போன் திறப்பதற்கான வாய்ப்பு 10 லட்சத்தில் ஒன்றுதான் என்று அறிவித்தது. விரல் அடையாளத்துக்கு அப்பிள் முன்பு சொன்ன கணக்கு 50,000 இல் ஒன்று.

ஆடைத் தொழிற்சாலையில் வேலை செய்யும் சகோதரிகளுக்கு இந்த விவகாரம் உடனே விளங்கும். சட்டையின் அளவில் இவ்வளவு கூடலாம், இவ்வளவு குறையலாம் என்று ஒரு கணக்கு எப்போதும் உண்டு. கப்பலில் ஏற்றும் நாள் நெருங்கும்போது அந்தக் கணக்கைக் கொஞ்சம் இளக்கச் சொல்லும் நெருக்குதல் எப்படியிருக்கும் என்பதை நீங்கள் அறிவீர்கள். அப்படி இளக்கியதால் சட்டை சட்டையில்லாமல் போகாது. ஆனால் கடையில் வாங்குபவருக்கு அது தெரியவும் வராது.

அப்பிள் அப்படிச் செய்தது என்று நான் சொல்ல வரவில்லை. செய்தி ஒருபுறம், மறுப்பு ஒருபுறம். என் கவலை வேறு. ‘10 லட்சத்தில் ஒன்று’ என்ற கணக்கைச் சொல்பவர் அதை விற்பவரே. நெல்லை நிறுத்துத் தரும் தராசையும் படியையும் பரிசோதித்து முத்திரை குத்த அதிகாரி இருக்கிறார். போனின் முகப்பூட்டை அப்படிப் பரிசோதித்து முத்திரை குத்தி எங்கள் கையில் தருவார் யாருமில்லை.

விலை குறையக் குறைய

அப்பிள் விடயத்தில் நடந்ததோ இல்லையோ என்று வாதாடப்பட்ட விட்டுக்கொடுப்பு, மலிவான போன்களில் வெளிப்படையாகவே நடக்கிறது. செலவு கூடிய அந்த உறுப்பை முழுதாக விட்டுவிட்டுக் கமராவை மட்டும் வைக்கிறார்கள். விளைவைப் பரிசோதித்தவர்கள் இருக்கிறார்கள். நெதர்லாந்தின் நுகர்வோர் சங்கம் 2019 இல் வெளியிட்ட பரிசோதனையில் 110 போன்களில் 42 போன்கள் உரிமையாளரின் புகைப்படத்தைக் காட்டியவுடனேயே திறந்தன. பிரித்தானியாவின் ‘விச்’ நுகர்வோர் அமைப்பு 2023 இல் வெளியிட்ட பரிசோதனையில் 48 இல் 19 போன்கள் அச்சடித்த படத்துக்குத் திறந்தன. முதலாவது பரிசோதனைக்கும் இரண்டாவதற்கும் இடையில் நான்கு ஆண்டுகள் கழிந்தும் நிலைமை பெரிதாகத் திருந்தவில்லை.

விலை கூடிய போன்களும் தவறாமல் இருக்கவில்லை. 2017 இல் வந்த சாம்சங் எஸ்8 போனைப் படம் காட்டித் திறந்தார்கள். விரல் அடையாளத்தைப் போல் முகப்பூட்டு பாதுகாப்பானதல்ல என்று சாம்சங் நிறுவனமே சொன்னது. 2019 இல் வந்த கூகிளின் பிக்சல் 4 போன், கண் மூடியிருந்தாலும் முகத்துக்குத் திறந்தது. அதாவது தூங்குபவரின் முகத்துக்கு நேரே பிடித்தாலே போதும். 2020 இல்தான் அதைத் திருத்தினார்கள். 2022 இல் வந்த பிக்சல் 7 போனில் கமராவை மட்டும் நம்பி முகப்பூட்டை வைத்தபோது, பணம் செலுத்துவதற்கு இதைப் பயன்படுத்த முடியாது என்று கூகிளே வரம்பு கட்டியது.

இதில் எமக்கு ஒரு நல்ல உரைகல் கிடைக்கிறது. அன்ட்ரொயிட் போன்களில் முகம், விரல் ஆகிய பூட்டுகளை அவற்றின் நம்பகத்தன்மைப்படி மூன்று வகுப்புகளாகப் பிரித்திருக்கிறார்கள். போலியைக் காட்டினால் ஏமாறும் அளவு 7 வீதத்துக்குக் குறைவாக இருந்தால்தான் முதல்தர வகுப்பு. வங்கிச் செயலிகள் பொதுவாக அந்த வகுப்பைத்தான் நம்புகின்றன. உங்கள் போன் முகத்தைப் பார்த்துத் திரையைத் திறந்துவிட்டு, வங்கிச் செயலிக்கு மட்டும் விரலையோ இலக்கத்தையோ கேட்கிறதென்றால், அந்த முகப்பூட்டை வங்கிக் காசுக்கு நம்ப முடியாது என்று போனே சொல்கிறது என்று எடுத்துக்கொள்ளலாம். வங்கிக் காசுக்குப் போதாத பூட்டு மகனின் படத்துக்கும் வழக்குக் கடதாசிக்கும் மட்டும் எப்படிப் போதும்?

10 லட்சத்தில் ஒருவர் யார்?

இனி அந்தத் தாயின் கேள்விக்கு வருவோம். ‘10 லட்சத்தில் ஒருவர்’ என்பது தெருவில் போகும் யாரோ ஒருவரைப் பற்றிய கணக்கு. இரட்டையர், உங்களைப் போலிருக்கும் உடன்பிறந்தோர், 13 வயதுக்குக் குறைந்த பிள்ளைகள் ஆகியோர் விடயத்தில் அந்தக் கணக்கு பொருந்தாது என்று அப்பிளே எழுதியிருக்கிறது. அப்படியானவர்கள் இரகசிய இலக்கத்தைப் பாவிக்கும்படி ஆலோசனையும் சொல்லியிருக்கிறது. 2017 நவம்பரில் அமெரிக்காவில் 10 வயதுச் சிறுவன் ஒருவன் தன் தாயின் புதிய ஐபோனைத் தன் முகத்தைக் காட்டித் திறந்தது செய்தியாயிற்று.

பெண்களுடைய போனைத் திறக்க முயல்பவர் யார் என்று யோசித்துப் பாருங்கள். பெரும்பாலும் தெருவில் போகும் யாரோ அல்லர். அதே வீட்டில் இருப்பவர், உறவினர், சந்தேகப்படும் கணவர், காசு எவ்வளவு வந்தது என்று அறிய விரும்புபவர். அவரிடம் உங்கள் படம் இருக்கிறது. நீங்கள் தூங்கும் நேரமும் அவருக்குத் தெரியும். வன்முறை பற்றி முறைப்பாடு செய்ய நினைக்கும் ஒரு பெண்ணின் போனில் அவள் யாருடன் பேசினாள் என்பது இருக்கிறது. அந்தப் பூட்டு தூக்கத்தில் திறந்துகொண்டால் அவளுக்கு நேரக்கூடியதை நான் விளக்கத் தேவையில்லை. கொம்பனியின் கணக்கில் இந்த ஆபத்து இடம்பெறுவதே இல்லை.

இன்னொரு விடயமும் உண்டு. அமெரிக்காவின் தேசிய தர நிர்ணய நிறுவனம் 2019 டிசம்பரில் 189 முகம் அறியும் மென்பொருட்களைப் பரிசோதித்து அறிக்கை வெளியிட்டது. போன்களுக்கு அப்பால், பொதுவாக முகங்களை ஒப்பிடும் மென்பொருட்கள் பற்றிய பரிசோதனை அது. ஒருவரை இன்னொருவராகத் தவறாகப் பொருத்துவது ஆண்களை விடப் பெண்களுக்கும், முதியவர்களுக்கும் பிள்ளைகளுக்கும் கூடுதலாக நடந்தது. ஆபிரிக்க, கிழக்காசிய முகங்களுக்கு வெள்ளையர் முகங்களை விடப் பல மடங்கு கூடுதலாக நடந்தது. எந்த முகங்களை வைத்து இயந்திரத்துக்குப் பழக்கினார்களோ அந்த முகங்களையே அது நன்றாக அறியும்.

எங்களில் ஷெல் வீச்சில் முகம் காயப்பட்டவர்கள் இருக்கிறார்கள். ஒரு கண்ணை இழந்தவர்கள் இருக்கிறார்கள். தீக்காயத் தழும்புடன் வாழ்பவர்கள் இருக்கிறார்கள். போன் திரும்பத் திரும்ப மறுத்தால் அது உங்கள் முகத்தின் குறை அல்ல, சகோதரி. ஐபோனில் கண் நேரே பார்க்க வேண்டும் என்ற நிபந்தனையை அமைப்புப் பகுதியில் நீக்கலாம். ஆனால் நீக்கினால் தூங்கும்போது திறக்கும் ஆபத்துக் கூடும். அதைவிட இலக்கம் நல்லது.

முகத்தை ஒப்பிடுவது எமக்குப் புதிதல்ல

முகத்தைப் பார்த்து “இவர்தான்” என்று சொல்லும் வழக்கத்தை எங்கள் சனம் இயந்திரம் வருமுன்பே அனுபவித்துவிட்டது. சுற்றிவளைப்புக்களில் வரிசையாக நிறுத்தப்பட்டு, முகத்தை மூடிய ‘தலையாட்டி’யின் முன்னால் நடந்தவர்கள் நாங்கள். அந்தத் தலை ஏன் ஆடியது என்று யாரும் கேட்க முடியவில்லை. கொழும்பில் சோதனைச்சாவடிதோறும் அடையாள அட்டைப் படத்தையும் முகத்தையும் மாறிமாறிப் பார்த்தார்கள். 2007 ஜூன் 7 ஆம் திகதி கொழும்பு விடுதிகளில் தங்கியிருந்த தமிழர் 376 பேர் பஸ்களில் ஏற்றப்பட்டு வெளியேற்றப்பட்டார்கள். மறுநாள் உயர் நீதிமன்றம் அதற்குத் தடை விதித்தது.

கொட்டாஞ்சேனையை அடுத்த கொச்சிக்கடை புனித அந்தோனியார் தேவாலயம் உட்படப் பல இடங்களில் குண்டுகள் வெடித்த 2019 ஏப்ரலில் இன்னொன்று நடந்தது. தேடப்படுவோரின் படங்களைப் பொலிஸார் வெளியிட்டபோது, ஒரு பெண்ணின் பெயரின் கீழ், சம்பந்தமேயில்லாத இலங்கைப் பூர்வீக அமெரிக்க மாணவி ஒருவரின் படம் வந்துவிட்டது. பின்னர் பொலிஸார் தவறை ஒப்புக்கொண்டு வருத்தம் தெரிவித்தார்கள். அதற்கிடையில் அந்த மாணவிக்குக் கொலை மிரட்டல்கள் வந்திருந்தன. எந்த வழியில் அந்தத் தவறு நேர்ந்திருந்தாலும், அதன் சுமை அந்த முகத்துக்கு உரியவர் மீதே விழுந்தது.

இதனால் சிலர், “போன் என்ர முகத்தை யாருக்கும் அனுப்புமோ?” என்று பயப்படுகிறார்கள். இரண்டையும் குழப்பிக்கொள்ளக் கூடாது. ஐபோனில் பதியும் முகத்தின் கணக்கு அந்தப் போனுக்குள்ளேயே இருக்கிறது, வெளியே போவதில்லை என்று அப்பிள் சொல்கிறது. அரசின் எண்ணிம அடையாள அட்டைத் திட்டம் வேறு விடயம். 2022 மார்ச்சில் இந்தியாவின் நிதியுதவியுடன் அதற்கான உடன்படிக்கை கைச்சாத்தானது. அதே ஆண்டின் 9 ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் முகம், விரல் போன்ற உடல் அடையாளங்களை விசேட பாதுகாப்புக்குரிய தரவாகக் கருதுகிறது. யார் முகத்தைக் கேட்டாலும், எதற்கு, எங்கே வைப்பீர்கள் என்று கேட்கும் பழக்கம் எமக்கு வர வேண்டும்.

இன்று மாலையே செய்யக்கூடியவை

முதலில் உங்கள் பூட்டை நீங்களே பரிசோதியுங்கள். உங்கள் தெளிவான படம் ஒன்றை இன்னொருவரின் போன் திரையில் பெரிதாகக் காட்டி, உங்கள் போனின் முன்னால் பிடியுங்கள். பிறகு மகளையும் தங்கையையும் பார்க்கச் சொல்லுங்கள். கடைசியாகக் கண்ணை மூடிக்கொண்டு இன்னொருவரைப் பிடிக்கச் சொல்லுங்கள். இவற்றில் ஒன்றுக்குத் திறந்தாலும் முகப்பூட்டை நீக்கிவிடுங்கள். புதிதாக வாங்குபவர்கள் பணம் கொடுக்குமுன் கடையிலேயே இதைச் செய்து பார்க்கலாம். வெட்கப்பட வேண்டாம். புடைவை வாங்கும்போது சாயம் போகுமா என்று கேட்பதில்லையா?

முகத்துக்குப் பதிலாக 6 இலக்க இரகசிய எண்ணை வையுங்கள். பிறந்த திகதி, பிள்ளையின் பிறந்த ஆண்டு, அடையாள அட்டை இலக்கம் ஆகியவை வேண்டாம். வீட்டிலுள்ளவர் முதலில் ஊகிப்பது அவற்றைத்தான். விரல் அடையாளம் வசதியானது. ஆனால் தூங்கும்போது விரலையும் வைத்துத் திறக்கலாம் என்பதை நினைவில் வையுங்கள். வீட்டில் வன்முறைக்கு முகம் கொடுப்பவர்களுக்கு எண் ஒன்றே பொருத்தம்.

முகப்பூட்டை வைத்திருக்க விரும்புபவர்கள் அவசரத்தில் அதை முடக்கும் வழியைத் தெரிந்துகொள்ளுங்கள். ஐபோனில் பக்கப் பொத்தானையும் ஒலிப் பொத்தானையும் சேர்த்து இரண்டு வினாடி அழுத்திப் பிடித்தால், அடுத்த முறை எண் கொடுத்தால்தான் திறக்கும். பல அன்ட்ரொயிட் போன்களில் போனை நிறுத்தும் பொத்தானை அழுத்தும்போது ‘லொக்டவுன்’ என்றொரு தெரிவு வரும். அதுவும் இல்லையென்றால் போனை நிறுத்திவிடுங்கள். மீண்டும் போடும்போது எண் கேட்கும்.

வங்கிச் செயலிக்குத் திரைப்பூட்டின் எண்ணையே வைக்காமல் வேறொரு எண்ணை வையுங்கள். வழக்குக் கடதாசிகளின் படங்களைப் போனில் மட்டும் வைக்காமல், நம்பிக்கையான ஒருவரிடம் ஒரு பிரதி கொடுத்து வையுங்கள். மிரட்டலோ வன்முறையோ இருந்தால் பெண்களுக்கான 1938 இலக்கத்துக்கு அழைக்கலாம்.

வெள்ளவத்தைக் கடையில் அந்தத் தாய் கேட்டதைப் போல நாங்கள் எல்லோரும் கேட்கத் தொடங்கினால், விற்பவர்களும் பதில் தேடத் தொடங்குவார்கள். உங்கள் பரிசோதனையில் என்ன நடந்தது என்று எனக்கு எழுதுங்கள். எத்தனை பேரின் போன் படத்துக்குத் திறந்தது என்று இதே பக்கத்தில் பார்ப்போம்.